போடிமெட்டுக்குக் கடல் ஏறிய நாள்

கடலைத் தூக்கிக்கொண்டு போடிமெட்டு மலை ஏறிய ஒரே மனிதன் இந்தப் பூமியில் நான்தான். ஒரு சொம்புத் தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள். முழுக் கடல். அலை, பாறை, மீன், இறால் எல்லாம் அதில் அடக்கம். பதினேழு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு பொட்டு சிந்தவில்லை. பன்னிரண்டாவது வளைவில் அந்தக் கடல் பின்னால் இருந்து கையை நீட்டி என் காதைத் திருகியது.

சிரியுங்கள், பரவாயில்லை. போடியில் என் பேச்சைச் சிரிக்காமல் கேட்டவர்கள் கிடையாது. பெயர் ஒச்சப்பன். முப்பத்தோரு வருசம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். பிரேக் பிடிக்காத பஸ்ஸை வெறும் ஹாரனாலேயே மெட்டில் இருந்து அடிவாரத்து முந்தல் வரைக்கும் இறக்கியவன். குரங்கணிப் பக்கம் ஓர் ஒற்றை யானை துதிக்கையைக் காட்டி என் வண்டியை நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, கூட்டமாக இருக்கிறது, அடுத்த வண்டியில் வருகிறேன் என்று திரும்பிப் போனதும் நடந்ததுதான்.

இத்தனையும் கேட்டுவிட்டு ஒன்றைக்கூட நம்பாத ஆள் ஒருவர் உண்டு. என் தங்கை மகாராணியின் வீட்டுக்காரர், தவசி. மலைமேல் பூப்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில், பச்சை ஏலக்காயைச் சூட்டில் உலர்த்துகிற ஸ்டோருக்கு அவர்தான் பொறுப்பு. காய் வேகிற அறைக்குள் கையை நீட்டியே இத்தனை டிகிரி என்று சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு, தன் கையையும் நம்பாமல் தெர்மாமீட்டரைப் போய்ப் பார்ப்பார். அப்படி ஒரு மனிதர்.

அவர்களுக்கு ஒரே மகள், சூர்யகலா. எனக்குப் பிள்ளை இல்லை; ஆகவே எனக்கும் அவள்தான் ஒரே மகள். தூத்துக்குடியில் மீன்வளப் படிப்பு படித்தாள். இரண்டாம் வருச லீவுக்கு வரும்போது, பஸ்ஸில் மடியில் வைத்து ஒரு கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்தாள். இரண்டடி நீளம். வீட்டில் இறக்கியதும் உள்ளே உப்புத் தண்ணீர் நிரம்பியது. துளைத்துளையாக நாலு கடல் பாறை. அதில் ஒட்டிக்கொண்டு ஒரு கடல் சாமந்தி. பார்த்தால் பூ; உண்மையில் அது உயிருள்ள பிராணி, தொட்டால் சுருங்கும். அதன் இதழ்களுக்குள் ஒளிந்து விளையாட ஓர் ஆரஞ்சு நிற மீன், உடம்பில் வெள்ளைப் பட்டை. பாறைப் பொந்தில் சிவப்புக் கோடு போட்ட இறால் ஒன்று.

மீன் என் கட்டைவிரல் நீளம்தான். நான் பஸ் ஸ்டாண்டில் முழ நீளம் என்று சொல்லிவைத்திருந்தேன். பார்க்க வந்தவர்கள் ஏமாந்து திரும்பும்போதெல்லாம் கலா சத்தமில்லாமல் பின்னால் வந்து என் காதைப் பிடித்துத் திருகுவாள்.

"மாமா, மீனைப் போட்டு நீட்டாதீங்க. அதுக்கு வலிக்கும்."

போன ஐப்பசியில் அவள் போய்விட்டாள். நாலே நாள். எப்படி என்று கேட்காதீர்கள். எனக்குச் சொல்ல வாய் வராத கதை இந்த உலகத்தில் அது ஒன்றுதான்.

அதற்கப்புறம் தவசி அழவில்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து, அவள் எழுதிவைத்த நீல நோட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு, தொட்டித் தண்ணீரின் உப்பைப் பார்ப்பார், சூட்டைப் பார்ப்பார், ஊசி நுனியளவு தீனியை எடுத்துச் சாமந்திக்கு ஊட்டுவார். பிறகுதான் எஸ்டேட்டுக்கு ஜீப் ஏறுவார். ஒரு நாள் எதற்கு இந்தப் பாடு என்று கேட்டுவிட்டேன்.

"அவ வச்சுட்டுப் போனது மூணு உசுரு மச்சான்" என்றார். "மூணையும் நான் காப்பாத்திக் குடுக்கணும்."

யாரிடம் என்று நான் கேட்கவில்லை. அந்த மூன்றும் போனால் நாலாவதாக யார் போவார் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

மாசியில் போடி வீட்டைக் காலி செய்தார்கள். கலாவின் தொட்டி இருந்த நடு அறையைத் தாண்டி மகாராணியால் நடக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடித்தான் போவாள். எஸ்டேட்டிலேயே ஒரு வீடு கொடுத்தார்கள், அங்கே போய்விடுவது என்று முடிவாயிற்று. சாமான்கள் காலையிலேயே லாரியில் போயின. உப்பும் மஞ்சளும் ஒரு குடம் தண்ணீருமாகப் புது வீட்டில் முதலில் நுழைய வேண்டியவள் மகாராணி. அவளும் லாரியிலேயே கிளம்பினாள். ஏறுவதற்கு முன்னால் என்னைக் கதவுக்குப் பின்னால் இழுத்து, உள்ளங்கையில் எதையோ வைத்து மூடினாள்.

திறந்து பார்த்தேன். மெல்லிய செப்புத் தகடு. பீடி மாதிரி சுருட்டி, கறுப்புக் கயிறு கட்டியிருந்தது.

"சிலமலையில குறி சொல்ற கோடாங்கி குடுத்ததுண்ணே" என்று கிசுகிசுத்தாள். "கலா அந்தத் தொட்டியைத்தான் சுத்திக்கிட்டுக் கெடக்காளாம். தொட்டி போனா பின்னாடியே வந்துருவாளாம். மீன் போற தண்ணியில இதைப் போட்டா இங்கனயே அடங்கிருவாளாம். தாய்மாமன் கையாலதான் போடணுமாம்."

"வந்தா வந்துட்டுப் போறா ஆத்தா. நம்ம புள்ளதானே."

"அலையக் கூடாதுண்ணே. செத்தும் அவளுக்கு ஓய்வில்லைன்னா நான் என்ன பெத்தவ? அவருகிட்டச் சொல்லாத. கோடாங்கின்னாலே பேய் மாதிரி கத்துவாரு."

நான் தலையாட்டினேன். தாய்மாமனுக்கு மொட்டை போட மடி கொடுக்கிற சோலி உண்டு, சீர் கொண்டுபோகிற சோலி உண்டு. இப்படி ஒரு சோலியும் உண்டென்று யார் கண்டது?

அந்தத் தொட்டியை இடம் மாற்றுவது பிரசவம் பார்க்கிற மாதிரி. பழைய தண்ணீரையே கேன்களில் பிடித்துக் கொண்டுபோக வேண்டும். பாறையைக் கழுவக் கூடாது. மணல் காயக் கூடாது. மலைக் குளிர் பட்டால் மூன்றும் விறைத்துவிடும். தவசி ஒரு வெள்ளை வாளியில் பழைய தண்ணீரை ஊற்றி, சாமந்தி ஒட்டிய பாறையோடு மூன்று உயிரையும் அதில் இறக்கினார். பேட்டரியில் ஓடுகிற சின்ன மோட்டார் ஒன்று உள்ளே குமிழ் விட்டது. வாளியைச் சுற்றி வெந்நீர் பாட்டில்கள், அதைச் சுற்றி ஏலக்காய்ச் சாக்கு. பச்சைப் பிள்ளையைத் துணியில் பொதிகிற மாதிரி பொதிந்து, என் ஜீப்பின் பின்பக்கம் வைத்தார். பிறகு கொல்லைக் கதவைப் பூட்ட உள்ளே போனார்.

நான் வாளியின் மூடியைத் திறந்து தகடைப் போட்டேன்.

'டுப்' என்றது. பாறை ஓரம் போய் நின்றது. கறுப்புக் கயிறு மட்டும் மேலே எழும்பி ஆடியது. மீன் வெளியே வந்து அதைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது.

அப்போது, காலி வீட்டின் நடு அறையில் ஒரு சத்தம் கேட்டது. காலடி இல்லை, கொலுசு இல்லை. அலுத்துப்போன ஓர் உடம்பு சுவரில் சாய்ந்து, சரிந்து, தரையில் உட்காருகிற சத்தம்.

தவசி கொல்லையில் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

அடங்கிவிட்டாள் என்று நினைத்தேன். நிம்மதி வந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளையை மறந்து விட்டுவிட்டு வந்தவன் மாதிரிதான் வண்டியை எடுத்தேன்.

முந்தல் தாண்டும்வரை வெயில் மண்டையைப் பிளந்தது. உச்சிப் பொழுது. ஆறாவது வளைவில் மூடுபனி இறங்கியது. மாசி மாசத்து உச்சிப் பொழுதில் அப்படி ஒரு பனியை நான் கண்டதில்லை. என் பேச்சில் பாதியைக் கழித்துக்கொள்கிற வழக்கம் உங்களுக்கு இருந்தால், இதில் கழிக்காதீர்கள். ஜீப்பின் மூக்கே எனக்குத் தெரியவில்லை.

தவசி பின்னால், வாளியை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைக் கொஞ்சம் இளக்கலாம் என்று, "மாப்ளே, இந்த வளைவுலதான் அந்த யானை கை காட்டுச்சு" என்றேன்.

"போன தடவை குரங்கணின்னீங்க மச்சான்."

"யானைக்குக் காலு இருக்கு மாப்ளே. நடக்கும்ல?"

ஐப்பசிக்குப் பிறகு முதல் தடவையாக அவர் சிரித்தார். பாதிச் சிரிப்புதான். மடியில் இருந்த நீல நோட்டைப் பிரித்தார்.

"இதையும் கேளுங்க. என்னைக் கிண்டல் பண்ணி ஒரு பக்கம் எழுதிவச்சிருக்கா. 'அப்பா கவனத்துக்கு. செம்பு, பித்தளை எதுவும் இந்தத் தண்ணியில் படக் கூடாது. மீன் கொஞ்சம் தாங்கும். சாமந்தியும் இறாலும் தாங்கவே தாங்காது. அம்மாவோட செப்புக் குடத்தில் தண்ணி மோந்து ஊத்தினால், நான் ஹாஸ்டலில் இருந்தே கண்டுபிடிச்சு ஓடி வந்துருவேன்.'"

என் கை ஸ்டியரிங்கில் வழுக்கியது.

ஒன்பதாவது வளைவு.

சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். தங்கை முகம் வந்து நின்றது. எடுத்துவிட்டால் பிள்ளை அலைவாள். எடுக்காவிட்டால் இந்த மனிதர் அலைவார். பொய் சொல்ல ஒரு நாளும் தயங்காத நாக்கு, மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

பத்தாவது வளைவு. வாளிக்குள் குமிழ் விடுகிற சத்தம் நின்றது.

"பேட்டரி போச்சா மாப்ளே?"



அப்புறம் வாசனை வந்தது. போடி மலையில் ஏலக்காய் மணக்கும், மழை பெய்தால் மண் மணக்கும். அன்றைக்கு வந்தது கடல். பாசி, ஈர வலை, உப்புக் காற்று. கன்னத்தில் காற்று பிசுபிசுத்தது. உதட்டை நக்கினேன்.

உப்பு.

பதினொன்றாவது வளைவு. பின்னால் 'டக்' என்று வாளியின் மூடி திறந்தது. தண்ணீருக்குள் ஒரு கை போகிற சத்தம். துழாவுகிற சத்தம். மெதுவாக, எதையும் இடித்துவிடாமல், பழகிய கை துழாவுகிற மாதிரி.

"மாப்ளே, மூடியைத் தொறந்தீங்களா?"

"இல்லையே மச்சான்" என்றார் தவசி. குரல் எங்கோ தூரத்தில் இருந்து வந்தது.

கண்ணாடியில் பார்த்தேன். அவருடைய இரண்டு கையும் நோட்டின் மேல் இருந்தன.

துழாவுகிற சத்தம் நிற்கவில்லை.

பன்னிரண்டாவது வளைவில் என் வலது காதை ஈரமான இரண்டு விரல்கள் பிடித்தன.

திருகின.

பிரேக்கை மிதித்தேன். ஜீப் பள்ளத்தின் ஓரத்துச் சுவரில் மூக்கை வைத்து நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். "மாப்ளே, வாளிக்குள்ள தகடு கெடக்கு. செம்பு. நான்தான் போட்டேன். மகாராணி பாவம், புள்ள அலையக் கூடாதுன்னு குடுத்தா. நான்தான் பாவி. வெரசா எடுங்க, எடுங்க."

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். சட்டைக் கையை மேலே இழுக்கிற சத்தம். தண்ணீர் அலம்புகிற சத்தம். ரொம்ப நேரம்.

"ஒண்ணும் இல்லை மச்சான்."

"பாறைக்கு அடியில பாருங்க மாப்ளே."

"பாத்துட்டேன். ஒண்ணும் இல்லை. இதுவும் உங்க யானைக் கதைதான்."

"என் காதைத் திருகுனா மாப்ளே! கலாதான்! தொட்டுப் பாருங்க, ஈரம் காயலை."

"பனி ஈரம். வண்டியை எடுங்க."

அறுபது வயசு தாண்டி, என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் உண்மையைச் சொல்லியிருக்கிறேன். நம்ப ஆள் இல்லை. வெளியே பனி விலகி வெயில் அடித்தது. பின்னால் குமிழ்ச் சத்தம் தானாக மறுபடி ஆரம்பித்தது. பாக்கி ஐந்து வளைவையும் எப்படி ஏறினேன் என்று எனக்கு நினைவில்லை. இதைவிடப் பெரிய அதிசயம் என் வாயில் இருந்து நீங்கள் கேட்கப்போவதில்லை.

எஸ்டேட் வீட்டு வாசலில் காவல்காரச் சேட்டன் வாளியை எட்டிப் பார்த்து, "எந்தா இது, மீனோ?" என்றார். தவசி வாளியை மார்போடு அணைத்து உள்ளே கொண்டுபோனார். மகாராணி பால் பொங்கிய கையோடு என்னைத் தேடி வந்தாள்.

"போட்டியாண்ணே?"

"போட்டேன் ஆத்தா."

பொய் இல்லை. போட்டேன்தானே.

"அப்ப இனி வர மாட்டா" என்றாள். நிம்மதியாகச் சொல்ல ஆரம்பித்தவள், சொல்லி முடிப்பதற்குள் நிலைப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அவள் அழுததை உள்ளே இருந்த தவசி கேட்டிருப்பார். வெளியே வரவில்லை.

சாமந்தி மறுநாள் விரிந்தது. இறால் பிழைத்தது. மீன் தீனி எடுத்தது.

நான் போடிக்கு இறங்கி வந்து, கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் கதையைச் சொன்னேன். தவசி ஏதாவது சோலியாக இறங்கி வரும்போது டீக்கடையில் அவரைப் பிடித்து, "உள்ளதா தவசிண்ணே?" என்று கேட்பார்கள். "அவருக்கு வேற சோலி இல்லை" என்று கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி. நாலு மாசம் நான் ஊருக்கே கோமாளி. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆடியில் மலையில் பேய்மழை. மரங்கள் சரிந்து பூப்பாறைப் பக்கம் முழுக்கக் கரண்ட் போயிற்று. ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். போனும் இல்லை. எனக்கு அந்த மூன்று உயிர்தான் நினைப்பு. தொட்டித் தண்ணீரைச் சூடாக வைத்திருக்கிற ஹீட்டருக்குக் கரண்ட் வேண்டும். மலைக் குளிரில் ஒரு ராத்திரி தாங்காது என்று தவசியே சொல்லியிருக்கிறார். ஐந்தாம் நாள் காலை பாதை திறந்ததும், பேட்டரியும் இரண்டு மூட்டை அடுப்புக்கரியும் போட்டுக்கொண்டு ஏறினேன். மீனுக்காகப் போகவில்லை. மீன் செத்துக் கிடக்கிற வீட்டில் அந்த மனிதர் என்ன கோலத்தில் கிடக்கிறாரோ என்றுதான் போனேன்.

மகாராணி அடுப்படியில் நனைந்த விறகோடு போராடிக்கொண்டிருந்தாள். "ஆளு தொட்டிகிட்டயே இருக்காருண்ணே. நாலு நாளா அன்னம் தண்ணி இல்லை" என்றாள்.

உள்ளே போனேன். ஜன்னலுக்கு வெளியே பகல் சாம்பல் நிறத்தில் இருந்தது. பேசினால் வாயில் ஆவி வந்தது. அவ்வளவு குளிர். தவசி தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். வலது கை முழங்கை வரைக்கும் தண்ணீருக்குள்.

சாமந்தி நன்றாக விரிந்து ஆடிக்கொண்டிருந்தது. மீன் அதற்குள் புரண்டது. இறால் பொந்தில் மீசையை ஆட்டியது.

தொட்டிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த தெர்மாமீட்டரைப் பார்த்தேன். இருபத்தாறு டிகிரி. அந்த வீட்டில் அடுப்பைத் தவிர வேறெங்கும் அந்தச் சூடு கிடையாது.

"வெந்நி ஊத்துனீங்களா மாப்ளே?"

"வெறகு பத்தவே இல்லையே மச்சான்."

"பின்ன எப்படி?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார். மகாராணி ஊதாங்குழலை ஊதுகிற சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்தினார்.

"அன்னைக்கு நீங்க சொன்னது அத்தனையும் நடந்ததுதான் மச்சான்."

நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"நீங்க வண்டியை நிறுத்துறதுக்கு முன்னாடியே அந்தத் தகடு என் கையில இருந்துச்சு. அவதான் எடுத்துக் குடுத்தா. அப்ப அவ கையைத் தொட்டேன். அதை வெளிய சொல்ல எனக்கு முடியலை. மகாராணிக்கும் தெரியக் கூடாது. புள்ள நல்லா அடங்கிட்டான்னு நெனச்சுத்தான் அவ ராத்திரி கண்ணை மூடுறா."

"நம்ம புள்ள கூட வந்தா சந்தோசந்தானே மாப்ளே. இதுல மறைக்க என்ன இருக்கு?"

தவசியின் முகம் கோணியது. ஒன்பது மாசமாக வராத கண்ணீர் தாடியில் இறங்கித் தொட்டிக்குள் சொட்டியது. தண்ணீருக்குள் அவருடைய விரல்கள் எதையோ சுற்றி, மெதுவாக, நோகாமல் மூடியிருந்தன. அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் அந்த விரல்கள் முழுக்க மூடவும் முடியாமல் நின்றன.

"அந்த நாலு நாள் காய்ச்சல்ல எப்படிச் சுட்டுச்சோ, அப்படியே சுடுது மச்சான் அவ கை" என்றார். "இப்பவும் பிடிச்சிருக்கேன். நூத்தி மூணு இருக்கும். இன்னும் கொறையலை."